வீட்டினுள் ஓட்டும் சைக்கிளின் டயர் தேய்வது ஏன்?

பெங்களூரு நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நந்தி மலை, சைக்கிள் வீரர்கள் விரும்பி ஏறும் இடமாகும். மழை நாட்களிலும் வாகன நெரிசல் மிகுந்த வேளைகளிலும் இவர்களுட் பலர் வீட்டினுள்ளேயே பயிற்சி செய்கின்றனர். 2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நிலவியபோது, வீடே பயிற்சிக் களமாயிற்று.

இதற்குப் பயன்படும் சாதனம் 'டிரெய்னர்' எனப்படும். அதன் ஒரு வகையில், பின்சக்கரத்தின் அச்சை உலோகச் சட்டமொன்று பற்றிக்கொள்கிறது. சிறிய உருளையொன்று டயரை அழுத்தி நிற்கிறது. மிதிக்கும்போது டயர் உருளையைச் சுழற்றும். உருளையுடன் இணைந்த காந்தமோ திரவமோ அச்சுழற்சியைத் தடுத்து, சாலையில் செல்வது போன்ற பளுவை உண்டாக்கும்.

கல்லும் மணலும் இல்லாத அறையில் டயர் தேயாது என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் நடைமுறை இதற்கு மாறானது. சாதனத்தின் அடியில் கரிய ரப்பர்த் துகள்கள் படிகின்றன. டயரின் நடுப்பகுதி தட்டையாகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, வெப்பம். சமதளச் சாலையில் டயர் சற்றே தட்டையாகிறது. சில சென்டிமீட்டர் விட்டமே உள்ள உருளையோ, டயரினுள் ஆழமாகப் பதிகிறது. 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 238 முறை சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் அமுங்கி நிமிர்கிறது. அமுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்புவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. பௌதிகத்தில் இதற்குத் 'தயக்கம்' என்று பெயர். சாலையில் எதிர்க்காற்று டயரைக் குளிர்விக்கும். அறையில் அவ்வசதி குறைவு. சூடேறிய ரப்பர் எளிதில் தேயும்.

இரண்டாவது, வழுக்கல். உருளை போதிய அளவு அழுந்தாவிடில், வேகமாக மிதிக்கும்போது டயர் அதன்மீது வழுக்கி உராய்கிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். அழிக்கும் ரப்பரைக் காகிதத்தின்மீது அழுத்தி எடுத்தால் துகள் உதிர்வதில்லை. அழுத்தி இழுத்தால் உதிரும். விரைந்து தேய்த்தால் சூடும் புலப்படும். ஆகவே, மிகையான அழுத்தமும் தீது. குறைவான அழுத்தமும் தீது.

இத்தேய்வினால் நேர்வது பணச் செலவு மட்டுமன்று. பல வாரங்கள் உருளைமீது ஓடி மெலிந்து பளபளப்பேறிய டயருடன், ஈரமான மலைச்சாலையில் இறங்குவது அபாயகரமானது. வளைவுகளில் பிடிப்புக் குறையலாம். உள்ளிழைகள் வெளிப்பட்ட டயர் வெடிக்கவும் கூடும்.

எனவே, டயரின் பக்கவாட்டில் குறித்துள்ள வரம்புக்குள் காற்றழுத்தம் உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்தல் வேண்டும். டயரையும் உருளையையும் துடைத்துத் தூய்மையாக வைத்தலும், பயிற்சி முடிந்ததும் உருளையை விலக்குதலும் நலம். வெப்பத்தைத் தாங்கும் கடின ரப்பராலான தனி டயர்களும் உண்டு. அவை சாலைக்கு ஏற்றவை அல்ல. பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராகச் சாதனத்தின் பற்சக்கரத்தில் பூட்டும் வகையில், டயர் தேய்வுக்கே இடமில்லை. எவ்வகையாயினும், வீட்டில் ஓடிய டயரை நன்கு சோதித்த பின்னரே சாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.