பாயாவில் உறையும் ஜெல்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலும்

ஒத்தக்கடையில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பிளஸ் டூ முடித்த மகன் பி.எஸ்சி. இயற்பியல் படிக்க ஆசைப்படுகிறார். "படிச்சு முடிச்சா என்ன வேலை?" என்று அவருடைய அத்தா கேட்கிறார். யானைமலை அடிவாரத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிப்பவர் என்ன ஆவார் என்று எல்லோருக்கும் தெரியும். கோட்பாட்டு இயற்பியல் படித்தவர் என்ன செய்வார் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் வராது. அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பதிலாகச் சொல்லலாம்.

வீட்டில் ஆட்டுக்கால் பாயா வைக்கிறோம். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் ஜெல்லி போல உறைந்திருக்கும். அப்படி உறைவது கொலாஜன் என்ற புரதத்தின் வேலை. தோல், எலும்பு, தசைநார், குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் உறுதி தருவது அதுதான். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் நம் சமுதாயத்தினர் தலைமுறைகளாகச் செய்துவரும் தோல் பதனிடும் தொழில், உண்மையில் இந்தக் கொலாஜன் அழுகிப்போகாமல் காக்கும் தொழில். மிட்டாய் உறையிலும் மாத்திரைக் குப்பியிலும் 'ஜெலட்டின்' என்று பார்த்தால் ஹலாலா என்று விசாரிக்கிறோமே, அதுவும் வேகவைத்துப் பிரித்த கொலாஜன்தான்.

1950களின் தொடக்கத்தில் இந்தக் கொலாஜன் உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்று உலகில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

1952ல் அங்கே இயற்பியல் துறைத் தலைவராக வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. முடித்தவர். துறையை ஏற்றபோது வயது முப்பதுதான். சென்னைக்கு வந்த இங்கிலாந்து அறிஞர் பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிர் என்று அவரிடம் சொல்லிச் சென்றார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வசதியாயிற்று. கங்காருவின் வால் தசைநாரில் எக்ஸ் கதிரைச் செலுத்தி எடுத்த படங்களை வைத்துக்கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் உட்கார்ந்தார்கள். 1954ல் 'நேச்சர்' இதழில் விடை வந்தது. மூன்று இழைகள் சேர்ந்தது கொலாஜன். அந்த மூன்றும் கயிறு போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று 1955ல் அதைத் திருத்திச் சொன்னார்கள்.

பாயா உறைவதன் காரணம் இதில் புரிந்துவிடும். நீண்ட நேரம் கொதிக்கும்போது முறுக்கு அவிழ்ந்து இழைகள் பிரிகின்றன. ஆறும்போது அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு தண்ணீரை இடையில் சிறைப்பிடிக்கின்றன. மாடு, ஆடு, பன்றி, மீன் எதுவானாலும் இந்த முறுக்கு ஒன்றேதான். இழையில் உள்ள அமினோ அமிலங்களின் வரிசையில் மட்டும் சிறு வேறுபாடுகள் உண்டு. எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்று ஆய்வகத்தில் கண்டறிய உதவுவது அந்த வேறுபாடுகள்தான். (மாற்றமடைந்த பொருளின் சட்டம் என்ன என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டியது. அது இக்கட்டுரையின் வேலையல்ல.)

ஆனால் இதோடு முடியவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்து ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். மூன்று இழை, முறுக்கு எல்லாம் சரி, ஆனால் உங்கள் மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடிய அளவைவிட நெருக்கமாக இருக்கின்றன என்றார்கள். டி.என்.ஏ. அமைப்பைக் கண்டுபிடித்துப் புகழின் உச்சியில் இருந்தவர் கிரிக். அவரோடு வாதாடுவதைவிட அடிப்படைக்கே போவது நல்லது என்று ராமச்சந்திரன் எடுத்த முடிவைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் அலசி அந்த இடைவெளிகளைக் கணக்கெடுத்தார்கள்.

தஸ்பீஹ் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். புரதம் அப்படி ஒரு மாலை, மணிகள் 20 வகை. மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள இணைப்பு விறைப்பான தட்டை. ஒவ்வொரு மணியின் இரு பக்கமும் மட்டும் ஒரு திருகு உண்டு. ஆக மணிக்கு இரண்டு கோணங்கள். அணுக்களைக் கெட்டியான உருண்டைகளாக வைத்துக்கொண்டு, எந்தக் கோணத்தில் ஒன்றோடொன்று இடிக்கும், எதில் இடிக்காது என்று கணக்குப் போட்டார்கள் ராமச்சந்திரனும், அவருடைய மாணவர்கள் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும். பழைய இயக்கவியலும் வடிவ கணிதமும்தான் கருவி. இரண்டு கோணங்களையும் ஒரு சதுரத்தில் குறித்தால் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட இடம். அனுமதிக்கப்பட்டது சில தீவுகள் மட்டுமே. 1963ல் வெளியான அந்தச் சதுரம்தான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், கொரோனா வைரஸின் முள்புரதம் உட்பட, அந்தச் சதுரத்தில் போட்டுப் பார்த்துத்தான் சரிபார்க்கிறார்கள். புள்ளிகள் தடைப்பகுதியில் விழுந்தால் எங்கோ பிழை என்று பொருள்.

1971ல் அவரும் லட்சுமிநாராயணனும் எக்ஸ் கதிர் நிழல்களில் இருந்து உள்ளுருவத்தைத் திரும்பக் கட்டும் கணித முறை ஒன்றை வெளியிட்டார்கள். சி.டி. ஸ்கேன் கணக்குகளில் அந்த வழி பெரிதும் பயன்பட்டது. நோபல் பரிசு அவருக்கு வரவில்லை. 2001ல் காலமானார்.

தமிழ்நாட்டில் இது ஒன்றே ஒன்றல்ல. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம். லட்சுமணன் குழு, ஒழுங்கற்று ஆடும் இயக்கங்களை ஆராய்ந்தது. முரளி, லட்சுமணன், சுவா பெயரால் 1994ல் வந்த எளிய மின்சுற்று உலகப் பாடங்களில் இருக்கிறது.

இனி அந்த அத்தாவின் கேள்விக்கு. பி.எஸ்சி.க்குப் பின் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு. அதன் பின் 'நெட்', 'கேட்', 'ஜெஸ்ட்' தேர்வுகள் வழியாக ஆராய்ச்சி. 'நெட்'டில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றவருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. ஆராய்ச்சிப் படிப்பு வீட்டுக்குச் சுமை என்ற எண்ணம் அங்கே மாறும். ஆனால் இடங்கள் குறைவு, காலமும் பிடிக்கும். அதையும் மறைக்காமல் சொன்னோம்.

மகன் விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக இயற்பியலையே எழுதியிருக்கிறார். அத்தாவுக்கு இன்னும் முழு சம்மதமில்லை. இரண்டாவது விருப்பத்தில் பி.காம். இருக்கிறது.