டப்பாவில் எந்த முத்திரை? தென்னை விவசாயிகள் அறிய வேண்டியவை

அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பகுதிகளில் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் சாய்ந்த தென்னைகளுக்கு மாற்றாக நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வந்துவிட்டன. காயாகக் கொடுத்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. ஆகவே சொந்தக் களத்தில் கொப்பரை போட்டு, செக்கில் ஆட்டி, எண்ணெயாக நேரே விற்றால் என்ன என்ற எண்ணம் சிறு விவசாயிகளிடையே எழுவது இயற்கை. நல்ல எண்ணந்தான். ஆனால் எண்ணெய் தயாராகி டப்பாவுக்கு ஒட்டுச்சீட்டு அடிக்க அச்சகத்துக்குப் போகும்போதுதான் முதல் குழப்பம் தொடங்குகிறது. பச்சைப் புள்ளி வேண்டுமா, அக்மார்க் வேண்டுமா, இயற்கை என்று போடலாமா, ஹலால் போட்டால் வெளிநாட்டுக்குப் போகுமா என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றையும் போட்டுவிட்டால் நல்லது என்று நினைப்பவர் உண்டு. அது பணத்துக்கும் கேடு, சட்டப்படியும் குற்றம்.

ஒவ்வொரு முத்திரையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்த முத்திரை எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரிந்தால், விற்கும்போது வீண் செலவு இல்லை. கடையில் வாங்கும்போது ஏமாற்றமும் இல்லை.

கட்டாயமானவை எவை?

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் விவசாயியையும் மீனவரையும் அவர்கள் தொழிலின் அளவில் விட்டுவைத்திருக்கிறது. தோப்பில் வெட்டிய தேங்காயையும் வயலில் அறுத்த நெல்லையும் விற்க எந்த எண்ணும் வேண்டாம். ஆனால் கொப்பரையை ஆட்டி, புட்டியில் அடைத்து, பெயர் ஒட்டியவுடன் அது உணவுத் தொழில் ஆகிவிடுகிறது. அப்போது பதிவு வேண்டும். தொழில் பெரிதானால் உரிமம் வேண்டும். இரண்டுக்கும் 14 இலக்க எண் தரப்படும். எண் 2-ல் தொடங்கினால் பதிவு, 1-ல் தொடங்கினால் உரிமம். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற எழுத்துகளின் கீழ் காண்பது இந்த எண்ணைத்தான்.

இதைத் தரச் சான்று என்று சொல்லி விற்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அது தவறு. இந்த எண் சொல்வது, தயாரிப்பாளர் யார், எங்கே இருக்கிறார் என்பது அரசுக்குத் தெரியும் என்பதே. அந்த டப்பாவில் உள்ள எண்ணெயை யாரோ பரிசோதித்தார்கள் என்று அது சொல்லவில்லை. தவறு நேர்ந்தால் ஆளைப் பிடிக்க வழி இருக்கிறது என்ற அளவில் அதன் பயன் பெரிது. எண் இல்லாத பொட்டலத்தை வாங்கினால் அந்த வழியும் இல்லை.

அடுத்தது பச்சைப் புள்ளி. பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவம். பாலும் தேனும் இதில் அடங்கும், முட்டை அடங்காது. அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டு வட்டங்களும் ஒன்றுபோலவே தெரிந்ததால், 2020-ஆம் ஆண்டின் விதிகளில் அது பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது. பாலும் தேனும்கூட வேண்டாம் என்பவர்களுக்கு 2022-ல் தனி விதியும் தனி முத்திரையும் வந்தன. தேங்காய் எண்ணெய்க்குப் பச்சைப் புள்ளி போதும். இதைத் தயாரிப்பாளர் தம் பொறுப்பில் தாமே அச்சிடுகிறார். சான்று வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு குறியும் உண்டு. கறுப்புக் கட்டத்துக்குள் கறுப்பில் பெருக்கல் குறி இருந்தால், அது உண்பதற்கானது அல்ல. விளக்கேற்றும் எண்ணெயிலும் பூஜைக்கான நெய்யிலும் இக்குறி இருக்கும். விலை குறைவு என்று இவற்றை வாங்கிச் சமைப்பது ஆபத்து.

சமையலுக்கா, தலைக்கா?

தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் வேறெந்த எண்ணெய்க்கும் இல்லாத ஒரு சிக்கல் இருந்தது. ஒரே புட்டியைத் தாளிக்கவும் எடுக்கிறோம், தலைக்கும் தேய்க்கிறோம். அப்படியானால் சிறு புட்டியில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெய் உணவா, கேசத் தைலமா? சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் அக்ரோ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு இதைப் பற்றியதுதான். உச்ச நீதிமன்றத்தில் 2018-ல் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். பின்னர் மூன்று நீதிபதிகள் அமர்வு 2024 டிசம்பர் 18 அன்று முடிவு கூறியது. புட்டி சிறியது என்பதாலேயே அது தலை எண்ணெய் ஆகிவிடாது; உண்ணத்தக்க எண்ணெய் என்று விற்கப்பட்டால் அது உணவு எண்ணெயே; கேச எண்ணெய்க்கான அடையாளங்களைப் புட்டியும் ஒட்டுச்சீட்டும் தாங்கியிருந்தால்தான் கேச எண்ணெயாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

அப்போது உணவு எண்ணெய்க்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம், கேச எண்ணெய்க்கு 18 சதவீதம். 2025 செப்டம்பரில் கேச எண்ணெயின் வரியும் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால் வரி வேறுபாடு மறைந்துவிட்டது. ஆனாலும் ஒட்டுச்சீட்டில் என்ன எழுதுகிறோமோ அதுவே பொருளின் சாதியைத் தீர்மானிக்கிறது என்ற பாடம் மறையவில்லை. கூந்தல் படமும் ‘முடி வளரும்’ என்ற வாசகமும் போட்டுவிட்டு, ‘சமையலுக்கும் உகந்தது’ என்று ஓரத்தில் எழுதுவது இரண்டு பக்கமும் தொல்லை தரும்.

அக்மார்க்

‘அக்மார்க்’ என்பது நம் பேச்சில் அசல் என்பதற்கே மறுபெயர் ஆகிவிட்டது. 1937-ஆம் ஆண்டின் விளைபொருள் தரம் பிரிப்புச் சட்டத்தில் பிறந்த முத்திரை இது. முத்திரையிட விரும்புவோர் முதலில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். பின் சரக்கை ஆய்வகத்தில் சோதித்து, தரம் பிரித்து, முத்திரை இட வேண்டும். பொருளின் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசுவது இதுதான். நெய், தேன், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் வாங்குகையில் இதைத் தேடுவது நல்லது.

தனித் தேங்காய் எண்ணெய்க்கு அக்மார்க் விருப்பத்தின் பேரில்தான். ஆனால் இரண்டு எண்ணெய்களைக் கலந்து விற்றால் கட்டாயம். அவ்வாறு கலக்கும்போது எந்த எண்ணெயும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சில்லறையாக அளந்து விற்கவும் கூடாது. எனவே தேங்காய்ப் படம் போட்ட டப்பாவில் அக்மார்க் இருந்தால் மகிழ்ந்துவிடாமல், கலப்பு எண்ணெய் என்று எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் பார்ப்பவற்றுள் இரண்டை விவசாயி அறிந்திருப்பது நல்லது. ஒன்று அயோடின் எண். உப்பில் சேர்க்கும் அயோடினுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எண்ணெயின் இயல்பைக் காட்டும் கணக்கு இது. தேங்காய் எண்ணெய்க்கு இது 7.5 முதல் 10 வரை இருக்கும். பாமாயிலுக்கோ 50-ஐ ஒட்டி இருக்கும். கலப்படம் செய்தால் எண் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் பார்க்க வேண்டுமானால், கண்ணாடித் தம்ளரில் எண்ணெயை ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் தனி அடுக்காக நிற்கும்.

இரண்டாவது அமில எண். இது 6-ஐத் தாண்டக் கூடாது. குறையக் குறையத் தரம் உயரும். இந்த எண் நிர்ணயமாவது செக்கில் அல்ல, களத்தில்.

களத்தில் செய்ய வேண்டியவை

11, 12 மாதம் முற்றிய காய்களையே கொப்பரைக்கு எடுக்க வேண்டும். இளங்காய்ப் பருப்பு சுருங்கி ரப்பர் போலாகும், எண்ணெயும் குறையும். உடைத்த தேங்காயில் ஏறத்தாழ பாதி ஈரம். அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். உடைத்த அன்றே வெயிலில் பரப்ப வேண்டும். முதல் இரண்டு நாள் வெயில்தான் முக்கியம். வெறும் மண்ணில் காயப்போடாமல் சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ பரப்பி, அந்தியில் பனி படாமல் மூடிவைக்க வேண்டும். நல்ல வெயிலில் ஐந்து முதல் ஏழு நாளில் காயும்.

கடற்கரைப் பகுதியில் காற்றிலேயே ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் களத்தை நம்பிப் பெருமளவில் உடைப்பது கூடாது. சூரிய உலர்த்தியோ சூடான காற்று உலர்த்தியோ இருந்தால் மட்டுமே அப்போது உடைக்கலாம். அரைகுறையாகக் காய்ந்த கொப்பரையைச் சாக்கில் கட்டினால் பச்சை, மஞ்சள் நிறப் பூசணம் பிடிக்கும். அவற்றுள் சில, அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்குபவை. ஈரலைக் கெடுக்கும் நச்சு அது. பூசணத்தைத் தட்டிவிட்டு ஆட்டினால் நச்சு போய்விடாது. பூசணம் வராமலும் வெள்ளையாகத் தெரியவும் கந்தகப் புகை போடுவது இன்னொரு கெட்ட பழக்கம். பார்வைக்கு அழகு, சோதனையில் சிக்கும். நன்றாகக் காய்ந்த கொப்பரைக்குப் புகை எதற்கு?

இயற்கை விளைபொருள் என்று போடலாமா?

இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராக அலைந்த நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தது பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில்தான். இப்பகுதியில் அவர் வழியில் உரமும் மருந்தும் இன்றிச் சாகுபடி செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செய்வது வேறு, டப்பாவில் எழுதுவது வேறு. 2017-ஆம் ஆண்டின் விதிகளின்படி, அங்கக உணவு என்று எழுதி விற்கச் சான்று வேண்டும். அதற்கு அடையாளம் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை. தாமே விளைவித்ததை உண்பவரிடம் நேரே விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு மட்டும் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அவர் அந்த முத்திரையைப் போட முடியாது. வாங்குபவர் நம்பி வாங்கலாம்.

சான்றுக்கு இரண்டு வழிகள். விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை போன்ற அமைப்பிடம் பதிந்து, ஆய்வுக்கு உட்படுவது ஒன்று. நெல் போன்ற பயிர்களுக்கு இரண்டு ஆண்டும், தென்னைக்கு மூன்று ஆண்டும் மாறுதல் காலம் கழிய வேண்டும். ஏற்றுமதிக்கு இந்த வழியே செல்லும். குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறை மற்றொன்று. செலவு குறைவு, உள்நாட்டு விற்பனைக்குப் போதும். ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இதுவே பொருத்தம்.

இந்த முத்திரை சொல்வது விளைவித்த முறையைத்தான். மருந்தே படாத தோப்பின் கொப்பரையும் மழையில் நனைந்தால் பூசணம் பிடிக்கும்.

ஹலால் முத்திரை

வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் உறவினர் உள்ள ஊர் அதிராம்பட்டினம். ஆகவே ஹலால் சான்று பற்றிய கேள்வி இங்கே எழுவது நியாயம். இது இஸ்லாமிய மார்க்கப்படி உண்ணத் தகுந்தது என்ற உறுதிமொழி. சத்தைப் பற்றியோ கலப்படத்தைப் பற்றியோ உள்ளது அல்ல. உள்நாட்டில் இதை அளிப்பவை தனியார் மார்க்க அமைப்புகள். இறைச்சி ஏற்றுமதிக்கு மட்டும், இந்தியத் தரக் குழுமத்தின் திட்டப்படி சான்று பெற வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் விதித்தது. மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் என்னும் அமைப்புகளின் ஏற்பு தேவைப்படும்.

இறைச்சி, ஜெலட்டின் சேர்ந்த மிட்டாய், கொழுப்புச் சேர்ந்த பிஸ்கோத்து ஆகியவற்றில் இம்முத்திரைக்குப் பொருள் உண்டு. வேறெதுவும் சேராத செக்கெண்ணெயில் ஐயத்துக்கு இடமே இல்லை. வெளிநாட்டுக் கொள்முதல்காரர் எழுத்தில் கேட்டால் மட்டும், எந்த அமைப்பின் சான்று என்று தெரிந்துகொண்டு வாங்கினால் போதும். உள்ளூர்ச் சந்தைக்கு இதற்காகக் கட்டணம் கட்டுவது வீண்.

அதேபோல ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்ற வாசகம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதைத்தான் இதய நோயாளிகள் அறிய வேண்டும்.

உப்பும் ரேஷன் அரிசியும்

அளத்து உப்பு கண்ணெதிரே விளையும் ஊரில், பொட்டல உப்பு எதற்கு என்று கேட்கலாம். சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயம். கடையில் இருக்கும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது இருக்க வேண்டும். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கருவாட்டுக்குக் கல்லுப்பு இருக்கட்டும்.

கூட்டல் குறியும் எஃப் என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்த முத்திரை செறிவூட்டிய உணவைக் குறிக்கும். 2023-ல் ரேஷன் கடைகளில் செறிவூட்டிய அரிசி வந்தபோது, சற்று மாறுபட்ட மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிப் பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. அவை அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிழிந்த மணிகள். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலப்பவை. எறிந்தது சத்தைத்தான்.

யாரை அணுகலாம்?

கொப்பரை உலர்த்தல் பற்றி வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலும், பதனம் பற்றி நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கித் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்துள்ள தஞ்சை நிறுவனத்திலும் ஆலோசனை பெறலாம். அக்மார்க் பற்றி வேளாண் விற்பனைத் துறை அலுவலர்களைக் கேட்கலாம்.

கடையில் வாங்கிய பொருளில் ஐயம் இருந்தால், சோதனைக்கு அனுப்பப் போவதாக விற்பவரிடம் வாங்கும்போதே தெரிவித்து, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பெறச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு யாருக்கும் உரிமை தருகிறது. குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

பொய்யான ஒட்டுச்சீட்டுக்கு ரூ. 3 லட்சம் வரை அபராதம் உண்டு. எனவே ஆயிரம் சீட்டு அடிக்குமுன், மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் ஒருமுறை காட்டி வருவது நல்லது.