தள்ளாடுபவர் எல்லாம் குடித்தவர் அல்ல... சிறுமூளைக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்ததும், காந்தி சிலை பக்கம் உட்கார்ந்து மூச்சுப்பயிற்சி செய்பவர்களைப் பார்க்கலாம். இழுத்து, நிறுத்தி, மெல்ல விடும் அந்த மூச்சை மூளையில் யார் கவனித்துக்கொள்கிறார்கள்?

தாளம் போடுவது மூளைத்தண்டின் அடியில் இருக்கும் முகுளம். நாம் தூங்கினாலும் அது தூங்காது. அதன் முதுகோடு ஒட்டி, பிடரிக்குச் சற்று மேலே இருப்பது சிறுமூளை. மூளையின் எடையில் இது சுமார் 10 சதவிகிதம்தான். நரம்பணுக்களில் பாதிக்கும் மேல் இங்கேதான்! அசைவுகளை ஒருங்கிணைப்பது சிறுமூளை என்று பிரெஞ்சு ஆய்வாளர் பியர் ஃப்ளூரன்ஸ் 1824-ல் எழுதினார். ஜிப்மரின் முன்னோடியான பிரெஞ்சு மருத்துவப் பள்ளி புதுச்சேரியில் தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டு.

சிறுமூளை வேலை செய்யாவிட்டாலும் மூச்சு ஓடும். ஆனால், பேச்சுக்கு நடுவே எங்கே மூச்சு வாங்குவது, விழுங்கும்போது எப்போது நிறுத்துவது போன்ற சரிக்கட்டல்களில் அதற்குப் பங்கு உண்டு. ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு கூடி மூச்சு முட்டும்போது அது சுறுசுறுப்பாவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜிப்மரிலும் பிராணாயாம ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால், அவை பெரும்பாலும் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நுரையீரல் திறன் பற்றியவை. 'பிராணாயாமம் சிறுமூளையை வளர்க்கும்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பிவிட வேண்டாம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சிறுமூளையில் பக்கவாதம் வந்து அது வீங்கினால், விரிய இடமில்லாமல் முன்னால் இருக்கும் மூளைத்தண்டை அழுத்தும். அப்போது மூச்சே நின்றுபோகலாம். இந்த வீக்கம் ஓரிரு நாள் கழித்தும் வரும்.

கை, கால் இழுத்துக்கொள்ளாமலே இந்தப் பக்கவாதம் வரலாம் என்பதுதான் சிக்கல். திடீர்த் தலைசுற்றல், வாந்தி, நாக்குழறல், நிற்க முடியாத தள்ளாட்டம்... இவ்வளவுதான் தெரியும். வீட்டில் என்றால் 'பித்தம்' என்று எலுமிச்சைச் சாறு கொடுப்பார்கள். தெருவில் என்றால் 'சரக்கு' என்று விலகிப்போவார்கள். மதுக்கடைகளுக்குப் பேர்போன ஊரில் இந்த முடிவுக்கு வர ஒரு நிமிடம் ஆகாது. மதுவும் சிறுமூளையைத்தான் தடுமாற வைக்கிறது என்பதால் இரண்டு தள்ளாட்டமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

திடீரென்று இப்படி ஆனால் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கெடு. வீக்கம் மிஞ்சினால் பின்மண்டை எலும்பைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்க அறுவை சிகிச்சையும் உண்டு. காலையில் எழும்போதே தள்ளாட்டம் இருந்தால், அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.