பழைய டிராக்டருக்குப் பல் பார்ப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

மாடு வாங்கப் போனால் எங்க அப்பா முதலில் பல்லைத்தான் பார்ப்பார். வயசைச் சரியாகச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர், நான் ஒன்பதாவது படிக்கும்போது, புதுப் பெயிண்ட் அடித்த ஒரு பழைய டிராக்டரை நம்பி வாங்கினார். மூன்றே மாதத்தில் இன்ஜினை இறக்கும்படி ஆகிவிட்டது. அடகுக்குப் போன அம்மாவின் தோடு இன்னும் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த நான் மெக்கானிக்கல் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

போன தை மாதம் மாமா, "மாப்ள, நீதான் படிக்கிறியே, வந்து பாரு" என்று கெங்கவல்லியிலிருந்து வீரகனூருக்கு அழைத்துப் போனார். வண்டி மேசி பெர்குசன் 1035. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் தயாரிப்பு, மூன்று சிலிண்டர். மரவள்ளிக் காட்டு உழவுக்கும் டிரெய்லருக்கும் அது போதும். ஊர் மெக்கானிக்குகளுக்குக் கை பழகிய வண்டி என்பது முக்கியம்.

நண்பர்களே, ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறும்வரை உட்காருங்கள். பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும் இன்ஜின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆன பிறகு நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் ஏர் கிளீனர், இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பேசாமல் பஸ் ஏறிவிடலாம்.

மணி மீட்டரை நான் நம்புவதில்லை. கேபிள் அறுந்தால் அது நின்றுவிடும், வண்டி நிற்காது. டிரெய்லர் மாட்டும் கொக்கியின் ஓட்டையைப் பாருங்கள். முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் நிறைய பாரம் இழுத்திருக்கிறது. கிளட்ச் பெடலின் தேய்மானமும் அப்படித்தான். பெயிண்ட் அடிப்பவன் அங்கெல்லாம் கை வைப்பதில்லை!

கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்தோம். மெதுவாக இறங்கினால் பரவாயில்லை; இது கண்ணெதிரே இறங்கியது. ஹைட்ராலிக்கில் கசிவு. மற்றபடி நல்ல வண்டி. மாமா பணத்தை எடுத்துவிட்டார்.

நான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். சேஸிஸ் நம்பர் சரி. ஆனால் வங்கிக் கடன் பதிவு அப்படியே இருந்தது. "அதெல்லாம் கட்டியாச்சு தம்பி" என்றார் விற்பவர். கட்டியிருந்தால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 இருக்க வேண்டும். அது இல்லாமல் கடன் பதிவு நீங்காது. பாக்கி இருந்தால் வங்கி வந்து நிற்பது மாமா வாசலில். படிவம் 29, 30 எல்லாம் அதற்கப்புறம்தான். மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

"ஒரு காகிதத்துக்காக நல்ல வண்டியை விடுவாங்களா?" என்று மாமா கெங்கவல்லி வரும்வரை என்னிடம் பேசவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் படிவத்தோடு விற்பவரே வீடு தேடி வந்தார். வண்டி இப்போது மாமா களத்தில் நிற்கிறது. ஹைட்ராலிக் ஓ-ரிங் மட்டும் மாற்றினோம். அந்தச் செலவை மாமா இன்றும் என்னிடம்தான் சொல்லிக் காட்டுகிறார்.