சர்க்கரை ஒட்டிய புரதங்களும் உடலின் பழுதுபார்ப்பும்

மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை எனப்படும் எச்பிஏ1சி எதை அளக்கிறது என்று பலர் எங்களிடம் கேட்பதுண்டு. இரத்தத்திலுள்ள குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியுமின்றித் தானாகவே புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு அவ்வாறு சர்க்கரை ஏறியுள்ளது என்பதே அந்த எண். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள்; மூன்று மாதக் கணக்கு அதனால் வந்தது.

இந்த ஒட்டுதலை உடல் வாளா பார்த்திருப்பதில்லை. குளுக்கோஸ் சிதையும்போது உண்டாகும் மெத்தில்கிளையாக்சால் என்னும் பொருள், குளுக்கோஸைவிட மிக வேகமாகப் புரதங்களைத் தாக்கக்கூடியது. கிளையாக்சலேஸ் எனப்படும் இரு நொதிகள் அதனை ஒருவகை லாக்டிக் அமிலமாக மாற்றி அடக்கிவிடுகின்றன. ஏற்கெனவே ஒட்டிய சர்க்கரையைக் கழற்றவும் ஒரு நொதி உண்டு. ஃப்ரக்டோசமைன்-3-கைனேஸ் என்னும் அந்நொதி, ஒட்டிய சர்க்கரையின்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதனால் நிலைகுலைந்த சர்க்கரை தானே உதிர, புரதம் பழைய வடிவை அடைகிறது.

ஆயினும் இது தொடக்கநிலைப் பழுதுக்கே பயன்படும். சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் அந்த ஒட்டு இறுகிப் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அப்போது செல் அப்புரதத்தைச் சிதைத்துப் புதியதைக் கட்ட முயலும். எல்லா இடத்திலும் அதுவும் இயலாது.

மண்டகப்பட்டுக் குடைவரையை நம்மில் பலர் கண்டிருப்போம். செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி மகேந்திரவர்மன் பாறையிலேயே குடைவித்த கோயில் அது. செங்கற்சுவரில் பழுதான கல்லைப் பெயர்த்து வேறு கல் வைக்கலாம். அங்கே மாற்றிவைக்க ஏதுமில்லை. நம் கண்வில்லையின் நடுப்பகுதிப் புரதங்களும் அத்தகையவை. பிறப்பதற்கு முன்பே உருவான அவை வாழ்நாள் முழுதும் மாற்றப்படுவதில்லை. நீரிழிவு உடையோர்க்குக் கண்புரை முன்னதாகவே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள கொலாஜனும் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகிறது.

இறுகிய பிணைப்பைக் கரைக்கும் எனச் சொல்லி விற்கப்படும் பொடிகளை நம்பி மாத்திரைகளை நிறுத்திவிட்டு வருவோரைக் காணும்போது எங்களுக்கு வருத்தம் மேலிடுகிறது. அப்பணிக்கென ஏற்கப்பட்ட மருந்து இன்றுவரை எதுவுமில்லை. ஒட்டும் சர்க்கரையின் அளவைக் குறைப்பதே நம் கையில் உள்ளது. அதற்கே அந்த மாத்திரைகளும் உணவுமுறையும் நடைப்பயிற்சியும்.

இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்களில் குறைவாகக் காட்டும். எனவே இரத்தசோகை உள்ளோரும், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டோரும், கருவுற்ற தாய்மாரும் சோதனைக்கு முன்பே அதனை மருத்துவரிடம் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.