ஒட்டுப்பலகைப் பெட்டியும் கணினி வெட்டு யந்திரமும்

ஊராட்சியின் தீர்மானப் புத்தகமும் வரிப் பதிவேடுகளும் கரையானுக்கு இரையாவதை நாம் பல இடங்களிலும் கண்டிருக்கிறோம். அவற்றைக் காப்பதற்கு உறுதியான பெட்டிகள் அவசியம். புதுக்கோட்டை மாவட்டத்தில் தைல மரக் காடுகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அம்மரம் பெரும்பாலும் காகிதக் கூழுக்கே செல்கிறது. ஒட்டுப்பலகையைக் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கதவுகளில் சித்திரம் செதுக்கும் சி.என்.சி. ரௌட்டர் என்னும் யந்திரத்தை இன்று நகரப் பட்டறைகளில் காணலாம். ஒரே அளவான பெட்டிகளைப் பல ஊராட்சிகள் சேர்ந்து செய்துகொள்ள அது ஏற்றது. ஆனால் தச்சர் தவறினால் உளியை நிறுத்திக்கொள்வார். யந்திரமோ தவறான அளவையும் இறுதிவரை பிசகாமல் வெட்டிவிடும். எனவே வேலையின் பெரும்பகுதி யந்திரத்தை ஓட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதலாவது, பலகையின் கனம். ஒருமுறை கடையில் 12 மில்லி மீட்டர் என்று சொன்னதை நம்பி நாம் வரைபடம் தயாரித்தோம். வந்த பலகையின் உண்மையான கனம் 11.4. விரல் பொருத்துகளின் நுனிகள் வெளியே துருத்தின. அடிப்பலகை காடியில் ஆடியது. ஒரு முழுப் பலகை வீணாயிற்று. அன்றுமுதல் பலகையின் நான்கு ஓரங்களிலும் வெர்னியர் வைத்து அளந்த பிறகே வரைகிறோம். காடியின் அகலத்தை அந்த அளவைவிட 0.1 அல்லது 0.2 மி.மீ. கூட்டிக்கொண்டால் பசைக்கும் இடம் கிடைக்கும்.

இரண்டாவது, மூலைகள். 6 மி.மீ. விட்டமுள்ள வெட்டலகு சுழன்றே வெட்டுவதால், உள்மூலையில் 3 மி.மீ. ஆரமுள்ள வளைவு நின்றுவிடும். சதுரமான விரல் அதில் முழுதும் அமராது. ஒவ்வோர் உள்மூலையிலும் சிறு வட்டக் குழியொன்றை வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் இத்தொல்லை இல்லை. அலகின் பாதி விட்டமாகிய 3 மி.மீ. அளவுக்கு அதன் பாதை, துண்டுகளுக்குக் கோட்டின் வெளியிலும், துளைகளுக்குக் கோட்டின் உள்ளிலும் செல்ல வேண்டும்.

நீளம் 40, அகலமும் உயரமும் 30 செ.மீ. உள்ள பெட்டிக்கு ஆறு துண்டுகள் தேவை. எட்டடிக்கு நாலடிப் பலகையில் (2440 × 1220 மி.மீ.) துண்டுகளுக்கிடையே 20 மி.மீ. விட்டு, மூன்று வரிசைகளாக அடுக்கினால் மூன்று பெட்டிகள் கிடைக்கும். விளிம்பில் எஞ்சுவது பலகையைப் பிடிகளால் இறுக்கப் போதுமானது.

துளைகளையும் காடிகளையும் முதலில் வெட்டி, புற விளிம்புகளைக் கடைசியில் வெட்ட வேண்டும். 12 மி.மீ. கனத்தை ஒரே மூச்சில் வெட்டாமல் மூன்று முறையாக இறக்குவது நன்று. துண்டு பெயர்ந்து அலகில் மோதாதிருக்க, ஓரங்களில் சிறு பாலங்களை வெட்டாமல் விடுவர். அவற்றைத் தச்சர் உளியால் பிறகு நீக்கிக்கொள்வார். பலகைக்கு அடியில் ஒரு பழைய பலகை இருந்தால் மேசை பிழைக்கும். பசை கலந்த தூள் நுரையீரலுக்குக் கெடுதியாதலால் முகமூடி கட்டாயம்.

பெட்டி நிற்கும் இடம் ஈரமான மண்தரையாயின், மருந்தேற்றிய மென்தகடுகளால் ஆன, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையை வாங்குவது உத்தமம். வெட்டிய விளிம்புகளில் தகடுகளின் வாய் திறந்திருக்கும். பொருத்துகளில் பசை இட்டு இறுக்கிய பின், அந்த விளிம்புகளுக்கு இருமுறை வார்னிஷ் பூசி, பெட்டியைக் கால்கள் மேல் நிறுத்த வேண்டும்.