கண்ணுக்குப் புலப்படாத சிலுவை

காய்ச்சல் கண்டவரின் உடல் சுடுகின்றது. எலும்பு முறிந்தவரின் கையில் கட்டுத் தெரிகின்றது. காண்போர் இரங்குகின்றனர். ஆனால் தோற்றத்தில் குறை ஏதுமின்றி, இரத்தச் சோதனையிலும் எக்ஸ்ரே படத்திலும் அகப்படாமல், ஆண்டுக்கணக்கில் உடல் முழுவதும் வலிக்கச் செய்யும் நோய் ஒன்று உண்டு. அதனைச் சுமப்போர்க்கு வலியினும் கொடியது, "வேலைக்கு அஞ்சிப் பாசாங்கு செய்கிறாள்" என்னும் வீட்டாரின் சொல்லேயாகும். ஃபைப்ரோமையால்ஜியா என்பது அந்நோயின் பெயர்.

திருத்தணியும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் உழைப்பாளர் வாழும் பகுதி. தறியில் நிற்போர், கரும்பு வெட்டுவோர், விடியுமுன் சென்னை இரயிலுக்கு விரைவோர் எனப் பலரும் வாழும் இங்கே, "உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது" என்னும் பேச்சுக் கேளாத வீடில்லை. உழைப்பின் களைப்பு ஓரிரு நாள் ஓய்வில் தீரும். மூன்று திங்களுக்கு மேலாக உடலின் இருபுறமும், இடுப்பிற்கு மேலும் கீழும் வலி நீடித்து, உறங்கி எழுந்தும் களைப்பு மாறாமல், மறதியும் தலைவலியும் வயிற்றுக் கோளாறும் உடன் சேருமாயின், இந்நோயை நினைத்தல் வேண்டும். ஆண்களுக்கும் வரும், பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகின்றது.

நோயின் வரலாறு

1904-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் கவர்ஸ், தசைநார்கள் அழற்சியுறுவதால் இவ்வலி பிறப்பதாக எண்ணி 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயரிட்டார். பின்னர் ஆய்ந்தோர் தசையில் அழற்சி எதனையும் காணவில்லை. ஆதலின் 1976-இல் தசைநார் வலி எனப் பொருள்படும் இன்றைய பெயர் வழங்கலாயிற்று. 1990-இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவக் கழகம் உடலில் 18 இடங்களைக் குறித்து, அவற்றுள் 11 இடங்களேனும் அழுத்தினால் வலிக்கவேண்டும் என விதித்தது. 2010-இல் அவ்விதியைத் தளர்த்தி, வலியின் பரப்பையும் உறக்கம், களைப்பு, நினைவாற்றல் ஆகியவற்றின் நிலையையும் கேட்டறியும் முறையை வகுத்தது.

கோளாறு பெரிதும் நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் முறையில் இருப்பதாக இன்று மருத்துவர் கருதுகின்றனர். திருவிழாவில் ஒலிபெருக்கியை அளவுக்கு மிஞ்சித் திருப்பிவிட்டால் மெல்லிய குரலும் இடியாய் முழங்குமன்றோ? அவ்வாறே சிறு தொடுகையையும் இவர்களுடைய மூளை பெருவலியாக உணர்கின்றது. குரல் சிறிது, காதில் விழும் இரைச்சலோ மெய்யானது. வலியும் அத்தகையதே.

முதலில் மருத்துவர்

தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, வைட்டமின் டி பற்றாக்குறை, முடக்குவாதம், சிக்குன்குனியாவுக்குப் பின் நீடிக்கும் மூட்டுவலி ஆகியனவும் இதனை ஒத்துத் தோன்றும். எனவே தாமாக முடிவு செய்யாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மூட்டுநோய்க்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன.

கடையில் தாமே வாங்கி உண்ணும் வலி மாத்திரைகள் இந்நோயில் பெரும்பயன் தருவதில்லை. நாட்பட உண்டால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டு மருந்துகளும் இதற்கு ஆகா. மருத்துவர் சிலருக்கு இரவில் சிறிதளவு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தைத் தருவர். அது மனச்சோர்வுக்கும் வழங்கும் மருந்தாயிற்றே என்று அஞ்சவேண்டா. வலியைத் தணித்து உறக்கம் தருவதற்கே இங்குக் கொடுக்கப்படுகின்றது.

படிப்படியாக

ஐரோப்பிய மூட்டுநோய் வல்லுநர் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், அழுத்தமான ஆதரவு பெற்றது ஒன்றே: உடற்பயிற்சி. வலிக்கும் உடலை அசைப்பதா என்று திகைக்கலாம். திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். நம் இந்து அண்டைவீட்டார் அவற்றை ஒரே மூச்சில் ஓடி ஏறுவதில்லை. நின்று, இளைப்பாறி, மீண்டும் ஏறுகின்றனர். நோயுற்றோர்க்கும் அதுவே முறை. முதல் வாரம் நாளும் ஐந்து நிமிடம் நடக்கலாம். உடல் பழகியபின் ஓரிரு நிமிடம் கூட்டலாம். வலி குறைந்த நாளில் வீட்டு வேலை அனைத்தையும் செய்து முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடத்தல் பெருந்தவறு. நல்ல நாளிலும் அளவோடு உழைத்து, தீய நாளிலும் சிறிதேனும் நடத்தல் வேண்டும்.

உறக்கமும் மருந்தே. நலமுடையோரின் ஆழ்ந்த உறக்கத்தைக் கலைத்தபோது அவர்களுக்கும் தசைவலி தோன்றியதைக் கனடா நாட்டு ஆய்வாளர் மோல்டோஃப்ஸ்கி 1975-இல் எடுத்துக்காட்டினார். குறித்த நேரத்தில் படுத்து எழுதலும், மாலைக்குப்பின் காப்பியைத் தவிர்த்தலும், படுக்கையில் கைபேசியை ஒதுக்குதலும் பலன் தரும்.

பிற சிகிச்சைகள்

மென்மையான யோகப் பயிற்சி, வெந்நீர்ச் சிகிச்சை, அக்குபங்சர், எண்ணங்களைச் சீர்செய்யும் உளவியல் ஆலோசனை ஆகியவை சிலருக்கு ஓரளவு உதவுவதாக மேற்கூறிய கழகம் ஏற்கின்றது. எண்ணெய் தேய்த்து நீவுவதற்கு உறுதியான சான்று இல்லை; இதமாயிருப்பின் மெல்ல நீவிக்கொள்ளலாம், அழுத்திப் பிசைதல் ஆகாது. ஆந்திரப் புத்தூரின் எலும்புக் கட்டு நம் பகுதியில் பெயர்பெற்றது. ஆயினும் எலும்பே முறியாத இந்நோயில் கட்டுக்கு வேலையில்லை. கழுத்தைத் திருகி நெட்டி எடுத்தல் தீங்காகவும் முடியலாம். சித்த மருத்துவம் நாடுவோர் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களுக்குச் செல்லுதல் நலம். பெயரற்ற பொட்டலத்தில் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டோ, சுத்தி செய்யப்படாத உலோகமோ கலந்திருக்கக்கூடும். எம்மருந்தை உண்டாலும் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

விசுவாசமும் குடும்பமும்

"ஆண்டவர் தந்த சிலுவை, மருந்து தேடுவது விசுவாசக் குறைவு" என எண்ணுவோரும் உளர். திருச்சபை அவ்வாறு போதிக்கவில்லை. வலியைத் தணிக்க மருந்தை நாடுவது முறையானதே எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தார். நோயுற்றோரைத் தவக்கால உண்ணாநோன்பு கட்டுப்படுத்தாது. முழந்தாளிட இயலாதவர் திருப்பலியில் அமர்ந்திருக்கலாம். அதனால் செபத்தின் மதிப்புக் குறையாது.

எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ்ச் சோர்ந்து விழுந்து, சாவை வேண்டினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வானதூதர் அவரைத் தட்டியெழுப்பி அப்பமும் நீரும் தந்தார், மறுபடி உறங்கவிட்டார், இரண்டாம் முறையும் உணவளித்தார். அதன் பின்னரே ஓரேபு மலைக்கான நாற்பது நாள் பயணம் தொடங்கிற்று. உறக்கமும் உணவும் முதலில், நடை அதன்பின். சோர்ந்தவரை இறைவன் நடத்திய விதம் இது.

அன்பார்ந்த குடும்பங்களே, உங்கள் இல்லத்தில் ஒரு தாயோ மருமகளோ ஓயாது வலியென்று சொன்னால், முதலில் அவளை நம்புங்கள். தண்ணீர்க் குடத்தை மகன் தூக்கட்டும். மாவு அரைப்பதைக் கணவர் ஏற்கட்டும். மாலையில் யாரேனும் ஒருவர் அவளோடு தெருமுனைவரை நடக்கட்டும். இரவில் செபமாலை முடிந்ததும் பாத்திரங்களைப் பிள்ளைகள் கழுவ, அவள் நேரத்தோடு படுக்கட்டும். சீரேன் ஊர்ச் சீமோன் சிலுவையை அகற்றவில்லை. அதன் பாரத்தைச் சிறிது தூரம் தாங்கினார். அத்தொண்டு நம் ஒவ்வொருவருக்கும் இயலும்.